பேர் வெட்டின டம்ளர்

சாப்பிட்டு எழுந்ததும் நான் மாத்திரை போடுவேன். கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் துணிப்பையிலிருந்து அட்டையை எடுத்து, எல்லோரும் பார்க்கப் பிரித்து, வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பேன். விருந்தாளி வந்திருந்தாலும் அப்படித்தான். "என்ன மாத்திரை, சுகருக்கா?" என்று யாராவது கேட்டால், "இல்லைங்க, மனசுக்கு" என்பேன். பாதிப் பேர் அதோடு பேச்சை மாற்றிவிடுவார்கள். மாற்றட்டும், எனக்கென்ன வந்தது. இதே மாத்திரையை எனக்குத் தெரியாமல் கொடுக்கப்போய், பெற்ற மகளே என்னிடம் இல்லாமல் போகிற நிலைமை வந்தது. அதைப் பட்டவளுக்கு இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான் பூலாம்பாடிப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி அரியலூர் வந்தேன். கணவருக்குச் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை. வீட்டில் அவர், அவருடைய அம்மா, எங்கள் ஒரே மகள், நான். மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு உடம்பு சரியில்லாமல் போனது. உடம்பு என்று சொல்லிப் பழகிவிட்டோம்; சரியில்லாமல் போனது மனசு. முதலில் தூக்கம் போயிற்று. பிறகு குழாயடியில் பெண்கள் பேசுவதெல்லாம் என்னைப் பற்றித்தான் என்று தோன்றத் தொடங்கியது. அப்புறம் குழாயடியில் ஆளே இல்லாதபோதும் பேச்சு கேட்டது. சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு லாரி போகும். அந்த இரைச்சலுக்குள் என்னைத் திட்டுவார்கள். மகளை யாரோ தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள் என்று பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல், கதவைத் தாழிட்டு, அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எதனால வந்துச்சு?" என்று கேட்காத ஆள் இல்லை. மாமியார் கொடுமையா, புருஷன் சரியில்லையா, எதையாவது பார்த்துப் பயந்தாளா? காய்ச்சலில் கிடப்பவளிடம் இத்தனை கேள்வி கேட்பார்களா? எதனால் என்று எனக்கும் தெரியாது. வந்தது, அவ்வளவுதான்.

கணவர் என்னைப் பெரம்பலூருக்கு அழைத்துப் போனார். அரியலூரிலேயே பார்த்திருக்கலாம். ஆனால் மனநல டாக்டர் வாசலில் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டால்? அதற்காகவே பஸ் ஏறி வெளியூர் போனோம். அந்த டாக்டரம்மா நிதானமாகப் பேசினார், மாத்திரை எழுதிக் கொடுத்தார். எனக்கு ஒன்றுமே இல்லை, என்னைத் திட்டுகிறவர்களைப் போய்ப் பிடித்துக் கேளுங்கள் என்பது என் கட்சி. வீட்டுக்கு வந்ததும் மாத்திரையைச் சாக்கடையில் போட்டேன். கணவர் மறுபடி வாங்கி வந்தார். மறுபடி போட்டேன்.

அப்புறம் வீட்டில் மாத்திரைப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். நடந்தது என்னவென்றால், என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், மாத்திரையைப் பொடித்து என் ரசத்தில் கலக்க ஆரம்பித்திருந்தார். அந்த ரசம் வேறு யாருக்கும் போய்விடாமலிருக்க ஒரு வழியும் செய்திருந்தார். என் தாய்வீட்டுச் சீரில் வந்த பெரிய எவர்சில்வர் டம்ளர் ஒன்று உண்டு. என் பெயர் வெட்டியது. அதில்தான் எனக்கு ஊற்றி வைப்பார். "ஒம்பேரு வெட்டின டம்ளர்ல வச்சிருக்கேன், குடிச்சிரு" என்று சொல்லிவிட்டு, குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பார். மிளகைத் தூக்கலாகப் போட்டுக் கசப்பை மறைத்திருந்தார். எனக்கு ரசம் என்றால் உயிர். குடித்துவிடுவேன்.

தூக்கம் வந்தது. பேச்சுச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து ஒருநாள் கேட்கவே இல்லை. மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். பார், டாக்டரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், தானாகச் சரியாகிவிட்டது என்று எனக்குப் பெருமை வேறு. ஒன்று மட்டும் மாறவில்லை. அடுப்படிக்குள் என்னை விடமாட்டார்கள். மீறி நான் ஒரு குழம்பு வைத்தால் யாரும் தொடமாட்டார்கள். "நீ சும்மா ஒக்காரும்மா" என்று கரண்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள். இவள் எதையாவது போட்டு வைத்துவிடுவாளோ என்ற பயம். இந்த வேடிக்கையை எங்கே போய்ச் சொல்ல? சாப்பாட்டில் கலந்தது அவர்கள், பயந்தது என் கையைப் பார்த்து.

ஓர் அமாவாசை வந்தது. படையல் போட்டு, காக்கைக்கு வைத்துவிட்டு, கூடத்தில் வரிசையாக இலை போட்டு உட்கார்ந்தோம். கணவரின் சித்தப்பா குடும்பமும் வந்திருந்தது. ஆள் அதிகம் என்பதால் அத்தை ரசத்தை முன்கூட்டியே டம்ளர்களில் ஊற்றித் தாம்பாளத்தில் வைத்திருந்தார். என் மகள் அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியிருந்தாள். பஸ் போர்டு, சிமெண்ட் மூட்டை, கடைப் பலகை, எதையும் விடமாட்டாள். தாம்பாளத்தில் இருந்த டம்ளரில் என் பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் படித்துவிட்டு, "இது எங்கம்மா டம்ளரு, எனக்குத்தான்" என்று எடுத்துக் குடித்தாள். அத்தை அப்போது பாயசம் எடுக்க அடுப்படிக்குப் போயிருந்தார். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. அவரைப் பொறுத்தவரை அந்த எழுத்து வெறும் அடையாளம். பேத்தி அதைப் படிப்பாள் என்பது அவர் நினைப்பிலேயே இல்லை.

பந்தி முடிந்து பாத்திரங்களை எடுத்துக்கொண்டிருந்தபோது பிள்ளை பாயில் சுருண்டு கிடந்தாள். எழுப்பினால் எழவில்லை. தூக்கினால் கழுத்து நிற்கவில்லை. அவள் இலைக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த என் டம்ளரைப் பார்த்துவிட்டு, அத்தை கணவரின் காதில் ஏதோ சொன்னார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே கணவர் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து, "இதுல ஒண்ணு உள்ள போயிருக்கும் சார்" என்று டாக்டரிடம் நீட்டினார். நான் சாக்கடையில் போட்ட அதே மாத்திரை. அது அவர் பையில் ஏன் இருக்கிறது, அட்டை ஏன் பாதி காலியாக இருக்கிறது என்று அங்கேயே எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் அப்போது எனக்குப் பிள்ளை கண் விழித்தால் போதும் என்றிருந்தது. மறுநாள் காலையில் விழித்து, பசிக்கிறது, இட்லி வேண்டும் என்றாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அதற்குள் சித்தப்பா வீட்டார் தெருவுக்கு ஒரு கதை கொண்டுபோயிருந்தார்கள். "பெத்த புள்ளைக்கே மாத்திரையக் கலந்து குடுத்துட்டா" என்று. பிள்ளையும் கேட்டவர்களிடமெல்லாம், "அம்மா டம்ளர்ல ரசம் குடிச்சேன்" என்றாள். அவள் சொன்னது உண்மைதானே, பாவம். நான் அத்தையைப் பார்த்தேன். முந்தானையைத் திருகிக்கொண்டு கீழே பார்த்தார். கணவரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. "நீங்கதானே கலந்தீங்க" என்று நான் கத்தினேன். பைத்தியம் முற்றிவிட்டது என்று வராந்தாவில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். அன்றைக்கு வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் முழுசாக அடங்கவில்லை, பொய் சொல்வானேன்.

"கொஞ்ச நாளைக்கி ஒங்கம்மா வூட்டுல இரு. புள்ள இங்கயே இருக்கட்டும்" என்றார் கணவர். கூடியிருந்த அத்தனை பேரும் அதுதான் சரி என்றார்கள்.

அம்மா வீட்டில் நான் யார் கையாலும் சாப்பிடவில்லை. "ஏண்டி, நானுமா ஒனக்கு வெஷம் வைப்பேன்?" என்று அம்மா அழுதார். நானே பொங்கி, நானே தின்றேன். மாத்திரையும் கிடையாது. அதனால் தூக்கம் மறுபடி போனது. இந்த முறை டிராக்டர் சத்தத்துக்குள் பேச்சு கேட்டது. அம்மா பயந்துபோய்க் கணவருக்குப் போன் செய்ய, மூன்று பேருமாகப் பெரம்பலூர் போய் அதே டாக்டரம்மா முன் உட்கார்ந்தோம்.

அங்கே கணவர் எல்லாவற்றையும் சொன்னார். ரசம், டம்ளர், பிள்ளை மயங்கியது, ஊர் பேசியது, தாங்கள் பேசாமல் இருந்தது எல்லாம். சொல்லும்போது அழுதார். எனக்கு இரக்கமே வரவில்லை. டாக்டரம்மா அவரைத் திட்டவில்லை. எனக்கு அதுவே ஏமாற்றமாக இருந்தது. "ரொம்பப் பேர் வீட்ல இத செய்யறாங்க சார். வேற வழி தெரியாமத்தான் செய்யறாங்க. ஆனா இவங்க நல்லானாங்க, எதனால நல்லானோம்னே இவங்களுக்குத் தெரியல. அப்ப எப்படி சார் தொடர்ந்து போடுவாங்க?" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பேச்சுச் சத்தம் நடுவுல நின்னுதுல்ல? எப்ப நின்னுச்சு?"

யோசித்தேன். ரசம் தனியாக வர ஆரம்பித்த பிறகுதான். என்னை ஏமாற்றிக் கொடுத்ததுதான் என்னைத் தூங்க வைத்தது என்பதை ஒத்துக்கொள்ள எனக்கு வயிறு எரிந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை.

"நீங்க சொல்லுங்க. மாத்திரை போடறதா வேணாமா? போடறதுன்னா எப்படிப் போடலாம்?" என்றார்.

உடம்பு சரியில்லாமல் போன நாளிலிருந்து என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. என்னைப் பற்றிப் பக்கத்தில் இருப்பவரிடம்தான் கேட்பார்கள். "யார் கையாலயும் வாங்க மாட்டேன்" என்றேன் வீம்பாக. "வாங்காதீங்க. அட்டைய நீங்களே வச்சுக்குங்க, நீங்களே பிரிச்சுப் போடுங்க. தூக்கமா வருது, கை நடுங்குதுன்னா எங்கிட்ட வந்து சண்டை போடுங்க, மாத்தித் தரேன்" என்றார். சண்டை போடச் சொல்லி ஒரு டாக்டர் கேட்டது எனக்குப் பிடித்துப்போயிற்று.

சண்டையும் போட்டேன். உடம்பு ஊதியது, காலையில் தலை தூக்க முடியவில்லை. அவர் மாற்றிக் கொடுத்தார். ஒரே மூச்சில் எல்லாம் சரியாகிவிடவில்லை. சில நாள் எழுந்து பல் விளக்கினாலே பெரிய காரியம். பிறகு, எங்கள் பக்கத்தில் சின்ன வெங்காயம் எடுக்கும் காலம் வந்தது. தாள் அரிந்து, சொத்தையைத் தள்ளித் தரம் பிரிக்கும் வேலைக்குப் பெண்களோடு போனேன். வேப்பமரத்தடியில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் மாத்திரையைப் பிரித்தபோது, பக்கத்தில் இருந்த அக்கா எட்டிப் பார்த்து, "இதத்தான் எங்கண்ணனும் போடுறாரு. அவருக்கு ரெண்டு வேள" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அடுத்த நாளிலிருந்து, "சாப்ட்டியா, மாத்திர போட்டியா" என்று இரண்டையும் ஒரே குரலில் கேட்டார். அவருக்குத் தெரியாது, அது எனக்கு எத்தனை பெரிய ஆறுதல் என்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைப் பார்க்க இரண்டு பஸ் மாறி அரியலூர் போவேன். என்னைத் தனியாக அவளோடு விடமாட்டார்கள். நான் தலை வாரிவிட்டால் அத்தை எதிரில் உட்கார்ந்திருப்பார். நான் வாங்கிப்போன பிஸ்கட்டை வாங்கி அலமாரியில் வைத்துவிடுவார். பிள்ளை கையில் கொடுக்கமாட்டார். கணவர் பார்த்தும் பார்க்காதது போல இருப்பார். நான் பஸ் ஏறி, பெரம்பலூர் வரும்வரை அழுதுகொண்டு வருவேன்.

முழுப்பரீட்சை லீவு விட்ட சனிக்கிழமை, அத்தை சொல்லாமல் கொள்ளாமல் அம்மா வீட்டு வாசலில் வந்து நின்றார். கையைப் பிடித்தபடி பிள்ளை. அவள் ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அம்மா தண்ணீர் கொடுத்தார். அத்தை குடித்துவிட்டு, நேரே அடுப்படிக்கு வந்தார். நான் ரசம் தாளித்துக்கொண்டிருந்தேன்.

"தெருவுல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். சித்தப்பா வூட்டுலயும் போயி, எல்லாரும் இருக்கையில சொல்லிட்டேன். கலந்தது நான்தான், அவ இல்லன்னு."

"இப்பத்தான் வாய் வந்துச்சாக்கும்?" என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை.

"பயந்துட்டேம்மா. புள்ளையக் கொல்லப் பாத்தவன்னு என்னைய சொல்லிருவாங்களேன்னு பயந்துட்டேன். அத ஒந்தலையில போட்டுட்டேன்."

நான் ரசத்தை இறக்கி வைத்தேன். அவர் கட்டைப்பைக்குள் கையைவிட்டு அந்த டம்ளரை எடுத்து மேடையில் வைத்தார். பளிச்சென்று தேய்த்துக் கொண்டுவந்திருந்தார். "கொஞ்சம் ரசம் ஊத்து. காலையிலேருந்து ஒண்ணும் சாப்புடல" என்றார்.

ஊற்றினேன். நான் வைத்ததை அந்த வீட்டு ஆள் வாயில் வைத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர் டம்ளருக்குள் எட்டிப் பார்க்கவில்லை, முகர்ந்து பார்க்கவில்லை. ஊதி ஊதிக் குடித்தார். என் வாய் சும்மா இருக்குமா?

"உள்ள என்ன போட்ருக்கேன்னு கேக்க மாட்டீங்களா அத்தை?"

"போட்டிருந்தா போட்டுக்க. குடிச்சிட்டுத் தூங்குறேன். நான் நல்லாத் தூங்கி எவ்ளோ நாளாச்சு தெரியுமா ஒனக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடிந்தது. அவரும் அழுதார். இன்னும் கொஞ்சம் ஊற்று என்று டம்ளரை நீட்டினார். அப்புறம் கூடத்தில் பாயை விரித்துப் படுத்து, நிஜமாகவே சாயங்காலம்வரை தூங்கினார்.

எழுந்து முகம் கழுவிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். பிள்ளையும் கூடப் போகப்போகிறாள் என்று நினைத்து, அவள் பாவாடையைப் பையில் மடித்து வைத்தேன். அத்தை அதை எடுத்துக் கொடியில் போட்டார். "லீவு முடியட்டும். ரெண்டு பேருமா வூட்டுக்கு வந்துருங்க" என்றார். பஸ் வந்தது, ஏறினார். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பேத்திக்குக் கையாட்டினார். பிள்ளை பத்திரம் என்று அவர் என்னிடமும் சொல்லவில்லை, என் அம்மாவிடமும் சொல்லவில்லை.