கோடு இழுத்த கட்டம்

அந்தப் புதுக் குடியிருப்பில், கையில் அளவு டேப்போடு டேப்பக்கா தெருமுனையில் திரும்பினாலே பாதிப் பேர் கதவைச் சாத்திக்கொள்வார்கள். வாடகை மதிப்பிடுகிறவளை வேறெப்படி வரவேற்பது? நூற்றுப்பத்து வீடும் ஒரே அச்சு. ஒரே கதவு, ஒரே பால்கனி, மூன்று வருடமாகியும் தோளைத் தாண்டாத ஒரே மரம். இதில் ஒரு வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கத்தான் வீடுகளைக் கட்டி வாடகைக்கு விட்ட கம்பெனி அவளுக்குச் சம்பளம் கொடுத்தது. வாங்கின சம்பளத்துக்கு வஞ்சகமில்லாமல் கண்டுபிடித்தாள்.

குழாயைத் திறப்பாள், சுவரைத் தட்டுவாள், அலமாரியை அளப்பாள். படிவத்தில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'செய்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. குடியிருப்பவர் சொந்தச் செலவில் செய்ததற்கு வாடகை ஏறக்கூடாது என்று எந்த நல்லவனோ போட்டுவைத்தது. டேப்பக்கா அதில் ஒரு கோடு இழுத்துவிடுவாள். கோடு விழுந்தால் கம்பெனி செய்ததாகவே பதிவாகும்.

"இருக்கிறதத்தான் எழுதுவேன். யார் வெச்சதுன்னு விசாரிக்க நான் என்ன போலீசா?" என்பாள். மேலதிகாரிகளுக்கு வாயெல்லாம் பல்.

அந்த வருடப் பட்டியலில் அவள் தம்பியின் வீடும் வந்தது. வேறு ஆளை அனுப்பச் சொல்லியிருக்கலாம். அப்படிக் கேட்டால் தம்பிக்குச் சலுகை தேடுகிறாள் என்று ஆபீசில் எவனும் வாய் திறந்துவிடக்கூடாதாம்; தானே போனாள். வீம்பு, வேறென்ன.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். சமையலறை அலமாரிகள், மேற்கு ஜன்னலுக்கு நிழற்கூரை, பின்பக்கம் கல் தளம், எல்லாம் அவன் கைவேலை.

"ஒரு ஞாயித்துக்கிழமைகூட உக்காரல அண்ணி," என்றாள் தம்பி மனைவி, பெருமை தாங்காமல்.

டேப்பக்கா அளந்தாள், எழுதினாள், கோடு இழுத்தாள்.

பத்தே நாளில் கடிதம் வந்தது. தெருவிலேயே அதிக வாடகை அவனுக்குத்தான். முடியாதென்றால் மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும். அவனால் முடியாது என்பது அவளுக்கும் தெரியும்.

தம்பி போன் செய்தான். "திரும்ப மதிப்புப் போடச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கேன். நீயேதான் வரணும்."

போனாள். சமையலறைச் சுவர் மொட்டையாக நின்றது. பாத்திரமெல்லாம் தரையில். நிழற்கூரை இல்லை. பின்பக்கத் தளத்தையும் பெயர்த்துப் போட்டிருந்தான். ஸ்குரு பிடுங்கிய ஓட்டைகள் மட்டும் வரிசையாக மிஞ்சியிருந்தன.

"இருக்கிறத எழுதுக்கா," என்றான்.

அவள் ஓர் ஓட்டையை விரலால் தடவினாள். "ஏன்டா இப்படிப் பண்ணின? இதை சேதம்னுதான் எழுதணும். அட்வான்ஸ்ல பிடிச்சுடுவாங்க."

"என் உழைப்ப கம்பெனி பேர்ல எழுதினப்ப கை கூசலையே. இப்ப மட்டும் என்ன? எண்ணு."

எண்ணினாள். முப்பத்திரண்டு ஓட்டை. சேதத்துக்கு எதிரேயும் அதே 'செய்தவர்' கட்டம் இருந்தது. கோடு இழுக்கப் போன பேனா நின்றது. அங்கே அவள் பெயரைப் பார்த்தால் ஆபீசில் அவளுடைய பழைய படிவங்களையெல்லாம் தோண்டுவார்கள். தெரிந்தேதான் அந்தக் கட்டத்தில் தன் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

தம்பி மனைவி எட்டிப் பார்த்தாள். இந்த முறை அண்ணி என்று கூப்பிடவில்லை.

"இந்தக் கட்டம் போன தடவையும் இருந்துச்சா?"

டேப்பக்கா ஆமாம் என்று தலையாட்டினாள்.

தம்பி மனைவி போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.