எந்தப் பக்கம்

ஃப்ரீமான்ட்டில் எங்கள் வீட்டருகே உள்ள பூங்காவில், நாற்பதைத் தாண்டிய சிலர் ஞாயிறு காலைகளில் கால்பந்து ஆடுவோம். பெரும்பாலும் நம் ஊர்க்காரர்கள், தொப்பையும் மூச்சிரைப்புமாக. அங்கேதான் அந்த ஸ்பானியர் வந்து சேர்ந்தார். தன் நாட்டில் பதினாறு வருடம் தொழில்முறைத் தடுப்பாட்டக்காரராக இருந்தவர். கடைசியாக ஒரு ஒப்பந்தத்தில் கலிபோர்னியா வந்து, முழங்கால் போய், இந்த ஊர்ப் பெண்ணையே மணந்து தங்கிவிட்டவர்.

மொத்தத்தில் மூன்றே கோல்கள்தான் போட்டிருக்கிறார், மூன்றும் தலையால். "ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. நான் நன்றாக ஆடிய நாளில் பத்திரிகையில் என் பெயர் வராது" என்பார். பயிற்சியில் மணிக்கணக்கில் பந்தைத் தலையால் முட்டியதை, சாயங்காலம் தலை விண்விண்ணென்று தெறித்ததை, மாத்திரை விழுங்கிவிட்டு மறுநாளும் போனதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்.

ஒரு ஞாயிறு, இடைவேளைக்குப் பிறகு, பந்தை எடுத்துக்கொண்டு திரும்பி எங்கள் கோலுக்குள்ளேயே ஓங்கி அடித்தார். இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். எல்லோரும் சிரித்தோம். அதிகம் சிரித்தது நான். "யாருக்காக ஆடுகிறீர்கள்?" என்று கத்தினேன். அவர் என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "நாம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். முகத்தில் வெட்கமில்லை, பயம் இருந்தது.

அப்போது அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. ஸ்கேன் பார்த்த டாக்டர், மறதிக்குக் காரணம் அத்தனை வருடம் தலையில் வாங்கிய அடிகளாக இருக்கலாம் என்றாராம். இரண்டே வருடத்தில் லிவர்மோரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். அந்த ஊரில் இருக்கும் கோவிலுக்குப் போகும்போதெல்லாம் அங்கேயும் போவேன்.

ஒருமுறை அவருடைய பழைய ஆட்டம் ஒன்றை இணையத்தில் தேடிப் பிடித்து போனில் காட்டினேன். உற்றுப் பார்த்தார். "அந்தப் பையன் நன்றாக ஆடுகிறான். யார்?"

"நீங்கள்தான்."

"பொய் சொல்லாதே."

திரையில் அந்த இளைஞன் எம்பிப் பந்தை முட்டிய ஒவ்வொரு முறையும், என் பக்கத்திலிருந்தவர் கண்களை இறுக மூடித் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மூன்றாவது முறை நிறுத்திவிட்டேன். அதற்கப்புறம் நான் போகவில்லை.

"இந்த வாரமும் போகலையா? டெம்பிள்ல இருந்து அஞ்சு நிமிஷ டிரைவ்தானே" என்றாள் என் மனைவி.

"போய் என்ன பண்றது? நான் யாருன்னே அவருக்குத் தெரியல."

"அதுக்காக விட்டுடறதா?"

நான் காரை ஃப்ரீவேயில் ஏற்றினேன். அடுத்த வாரமும் அப்படித்தான்.

ஸ்பானியரின் இறுதிச் சடங்குக்குப் பத்துப் பேர்கூட வரவில்லை. அவருடைய பதினாறு வருடங்களைப் பாதிரியார் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். அவர் மனைவி என் கைகளைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் மட்டும்தான் விடாமல் வந்துகொண்டிருந்தீர்கள்" என்றார்.

நான் போய் ஏழு மாதமாகியிருந்தது. ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு வந்து காரில் உட்கார்ந்தேன்.