டீ குடித்தவர்களின் வெறும் வயிறு

டாக்டர் ஆரோக்கியநாதன் இறந்த செய்தி ஓய்வுபெற்ற ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அதற்குக் கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்தன. நடுவில் ஒருவர் ரோஜாப்பூவுடன் காலை வணக்கம் அனுப்பியிருந்தார். அதற்கும் இரண்டு பேர் கைகூப்பினார்கள். பதினேழு ஆண்டுகள் அவருடன் வேலை பார்த்த நானும் ஒரு படத்தை அனுப்பிவிட்டுப் பல் துலக்கப் போனேன். ஆகவே பிறரைப் பழிக்கும் தகுதி எனக்குக் குறைவு. இருந்தாலும் பழிக்கப்போகிறேன்.

நினைவு மலருக்கு இரண்டு பக்கம் கேட்டீர்கள். கடலூரில் அவர் இதய மருத்துவர். வாரத்தில் இரண்டு நாள் சிதம்பரத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்து, இதயம் எதை எரித்துத் துடிக்கிறது என்று ஆராய்ந்தார். அந்தக் கூடத்தின் பொறுப்பாளன் நான்.

இரங்கல் கூட்டத்தில் சொன்னதுபோல அவர் 'கருணைக் கடல்' அல்ல. நோயாளிகளைத் திட்டுவார். மங்கலம்பேட்டையிலிருந்து வந்த ஓர் அம்மாவின் காலை அவர் விரலால் அழுத்திப் பார்த்தபோது நான் அறையில் இருந்தேன். "நெஞ்சு அடைக்குதுன்னு வந்தா கால அமுக்குறீங்களே?" என்றார் அந்த அம்மா. "கால் பொய் சொல்லாதும்மா. நீங்க சொல்லுவீங்க. ஊறுகா தின்னீங்களா?" "ஒரு துண்டுதான் சாமி." "அந்த ஒரு துண்டுதான் கால்ல நீரா நிக்குது." அந்த அம்மா சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை, சீட்டில் மாத்திரையை மாற்றி எழுதினார்.

அவருடைய ஆராய்ச்சியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரவெல்லாம் சாப்பிடாதபோது இதயம் பெரும்பாலும் கொழுப்பை எரிக்கும். சாப்பிட்டதும் சர்க்கரையை அதிகம் எடுத்துக்கொள்ளும். ஆஞ்சியோவுக்கு வருகிறவர்களிடம், இதயத்துக்குள் போகும் ரத்தத்தையும் திரும்பி வரும் ரத்தத்தையும் எடுத்து ஒப்பிட்டோம். தளர்ந்த இதயம் வெறும் வயிற்றிலும் சர்க்கரையையே நாடுகிறது என்று தெரிந்தது. ஆறு வருட உழைப்பு. ஒரு நல்ல ஆய்விதழ் கட்டுரையை ஏற்றுக்கொண்டது.

ரத்தம் எடுக்கும் நாட்களில் ஐஸ் பெட்டியுடன் முதல் பேருந்தில் நான் கடலூருக்குப் போவேன். ஒரு தை மாதக் காலை, கடலூர் பேருந்து நிலையத்து டீக்கடையில் என் பக்கத்தில் இரண்டு பேர் நின்றார்கள். கீரப்பாளையத்துக்காரர்கள். ஒருவர் அன்றைய எங்கள் நோயாளி.

"மச்சான், ஒண்ணும் சாப்புடாம வரச் சொன்னாருடா டாக்டரு."

"டீ எங்க மாமா சாப்பாடு? சர்க்கரை தூக்கலா போடச் சொல்லு. ஊசி குத்துனா மயக்கம் வரும்."

ஒரு மணி நேரம் கழித்து ஆஸ்பத்திரியில், "சாப்பிட்டீர்களா?" என்ற கேள்விக்கு அவர் "இல்லை" என்றார். பொய் சொல்லவில்லை. நம் ஊரில் டீ சாப்பாடு இல்லை. தளர்ந்த இதயம் கொண்டவர்களில் பெரும்பாலோர் கிராமங்களிலிருந்து பேருந்தில் வந்தவர்கள். ஒப்பிடுவதற்கு எடுத்த, இதயம் தளராதவர்கள் கடலூர் மஞ்சக்குப்பத்திலும் சுற்றிலும் இருந்து, டீக்கடையில் நிற்காமல் வீட்டிலிருந்து நேராக வந்தவர்கள். நாங்கள் கண்டது இதயத்தின் குணம் அல்ல, டீயில் போட்ட சர்க்கரை. அந்தக் கேள்வியை எழுதி அச்சடித்த மேதை நான்தான்.

நான் சொல்லவில்லை. ஒரே ஒருவர்தானே என்று நினைத்தேன். பிறகு வாரந்தோறும் அதே கடையில் நின்று பார்த்தேன்; பத்துப் பேரில் ஏழு பேர் குடித்தார்கள். குறித்துக்கொண்டேன். முறையாகக் குறிப்பதில் எனக்கு இருந்த அக்கறை வாயைத் திறப்பதில் இல்லை. ஐப்பசியில், கட்டுரை அச்சுக்குப் போகும் வாரத்தில், குறிப்பேட்டை அவர் மேசையில் வைத்தேன்.

இரண்டு முறை படித்தார். "அப்ப ஆறு வருஷமா நான் பஸ் ஸ்டாண்ட் டீயத்தான் ஆராய்ச்சி பண்ணியிருக்கேன்" என்றார். பிறகு, "எப்பத்துலேந்து தெரியும்?"

"தையிலேந்து சார்."

"ஒம்போது மாசம்."

கூட இருந்தவர் கட்டுரையின் இணை ஆசிரியர், அவருடைய மாணவர் டாக்டர் முகுந்தன். "சார், ஏத்துக்கிட்டாங்க. இனிமே யாரு டீயப் பத்திக் கேக்கப்போறாங்க?"

"நான் கேட்டுட்டேனேப்பா."

அன்றே கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஆய்விதழுக்குக் கடிதம் எழுதினார். அதன் பிறகு முகுந்தன் பேசியதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம்: "ஒரு கையில ஸ்டெதஸ்கோப்பு, ஒரு கையில டெஸ்ட் ட்யூபு, ரெண்டுலயும் அரைகுறை." கேட்டுச் சிரித்தவர்களில் பாதிப் பேர் இரங்கல் கூட்டத்தில் முன்வரிசையில் இருந்தார்கள். அங்கே முகுந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'தளர்ந்த இதயத்தைப் பற்றி உலகுக்குச் சொன்ன நம் டாக்டர்' என்று அந்தக் கண்டுபிடிப்பையே புகழ்ந்தார். செத்தவரால் திரும்பப் பெற முடியாது என்ற தைரியம். அதே வாசகம் இந்த மலரின் அட்டையிலும் வரப்போவதாகக் கேள்விப்படுகிறேன். ஒரு மனிதர் நேர்மையாகச் செய்த மிகப் பெரிய காரியத்தை அழித்து, அவர் தூக்கி எறிந்த பிழையை அவர் பெயருக்கு மேல் மாலையாகப் போடுகிறீர்கள். நான் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து எல்லோருடனும் கைதட்டினேன்.

அந்த வாசகத்தை எடுத்துவிடுங்கள். அப்படி ஒரு கண்டுபிடிப்பு இல்லை. அவர் எழுதிய கடிதத்தின் நகலை இதனுடன் இணைத்திருக்கிறேன். அட்டையில் எதையாவது போடத்தான் வேண்டுமென்றால் அதைப் போடுங்கள்.

கடிதம் எழுதி முடித்த அன்று அவர் என்னை வெளியே போகச் சொல்லவில்லை. உறையை ஒட்டிக்கொண்டே, "பயந்தவன் ஆராய்ச்சிக்கு வரக்கூடாதுன்னு இல்லய்யா. பயந்தவன் சீக்கிரம் சொல்லணும், அவ்வளவுதான்" என்றார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். இரங்கல் கூட்டம் முடிந்து இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. எனக்கு இது வேகம்.