மிளகாய் இலையும் நான்கு எழுத்துகளும்

வாடிக்கையாளர் கொண்டுவரும் கோப்பு ஊரெல்லாம் திறக்கும், எங்கள் கொம்பியூட்டரில் மட்டும் திறக்காது. இந்தத் தொழிலில் தலைமுடி கொட்டியவர்களே, உங்களுக்குத் தெரியாததா? இரண்டாயிரமாம் ஆண்டளவில் வவுனியாவில் ஒரு கொம்யூனிகேஷன் கடையில் வேலை செய்தேன். வெளிநாட்டு அழைப்புக்குக் காத்திருக்கும் சனத்துக்கு நடுவே ஒரு கொம்பியூட்டர், ஒரு பிரிண்டர், நான்.

கோணல் வரிசை

யசிந்தா அக்கா வன்னிக்குள் இருக்கும் துணுக்காயில் விவசாயப் போதனாசிரியர். முல்லைத்தீவில் கடற்றொழில் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. துணுக்காய்த் தோட்டங்களில் மிளகாய் இலை சுருண்டு, காய் பிடிக்காமல் போய்க்கொண்டிருந்தது. மருந்தடித்தும் நிற்கவில்லை. அவா இலைகளைத் தன் பழைய பேராசிரியருக்கு அனுப்பினா. அவர் அதிலிருந்த வைரஸின் மரபணுவைப் படித்து, ஏற்கெனவே தெரிந்த வைரஸ்களோடு ஒப்பிட்டுத் தேடி, முடிவை எங்கள் ஈமெயிலுக்கு அனுப்பியிருந்தார்.

திறந்தால் பக்கம் முழுக்க ஏ, ரி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகள்தான். மேல்வரி துணுக்காய் வைரஸ், கீழ்வரி தெரிந்த வைரஸ். இரண்டும் ஒத்துவரும் இடத்தில் நடுவே ஒரு சின்னக் கோடு நிற்கவேண்டும். ஒரு கோடும் நேராக நிற்கவில்லை. நான் கோப்பு பழுது என்று கைவிட்டேன். தட்டச்சு மெஷினில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம்தானே, அப்படியான எழுத்து இதில் இல்லையா என்று அவா கேட்டா. மாற்றினேன். கோடுகள் நிமிர்ந்தன. அவா திரையில் விரல் வைத்து வாசிக்கத் தொடங்கினா.

"இப்ப கதைக்குது, தம்பி."

எல்லாம் பூச்சியம்

அடுத்த கிழமை அதே முடிவு அட்டவணையாக வந்தது. வைரஸ்களின் பெயர்கள், பக்கத்தில் எண்கள். கடைசி நிரலில் மேலிருந்து வரிசையாகப் பூச்சியம். எனக்குப் பாவமாக இருந்தது. தேடல் சரிவரவில்லை போல என்று மெதுவாகச் சொன்னேன்.

அவா சிரிக்காமல் விளங்கப்படுத்தினா. இந்த ஒற்றுமை தற்செயலாக வந்திருக்கலாமா என்பதைக் காட்டும் எண் அது. குறையக் குறைய நல்லது. முதலில் நின்றது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். அப்படியென்றால் சனம் இத்தனை நாளும் அடித்தது வேறு பூச்சிக்கான, பிழையான மருந்து.

"இஞ்ச பூச்சியம் எடுத்தவர்தான் வகுப்பில முதலாம் பிள்ளை."

இரகசிய எழுத்து

அப்போது யுத்தம், வன்னிக்குள் பிளொப்பி டிஸ்க் கொண்டுபோக ஆமி விடாது. எல்லாவற்றையும் அச்சடித்துக் கொடுத்தேன். மறுநாளே அவா திரும்பி வந்து கதிரையில் இருந்தா. ஆமிச் சோதனைச் சாவடியில் அந்த நான்கு எழுத்தையும் இரகசியச் செய்தி என்று நினைத்துவிட்டார்கள். பகல் முழுக்க விசாரணை. தாள்களையும் வைத்துக்கொண்டார்கள். இனி இது வேண்டாம் அக்கா என்றேன்.

அவா தண்ணீர் குடித்துவிட்டு, அட்டவணையை மட்டும் அச்சடிக்கச் சொன்னா. எழுத்துகள் வேண்டாம், வைரஸின் பெயரும் பயிரின் பெயரும் போதும். அதோடு ஒரு சுருண்ட இலையையும் எடுத்துக்கொண்டு அதே சாவடிக்குப் போனா. பல்கலைக்கழகத்தில் பழகிய சிங்களத்தில் அதிகாரிக்கு விளங்கப்படுத்தினா. அவர் ஊரிலும் மிளகாய் சுருளுகிறதாம். என்ன செய்யலாம் என்று கேட்டுவிட்டுப் போக விட்டாராம்.

அடுத்த போகத்தில் துணுக்காயில் நாற்றுகளை வலைக்குள் வளர்த்தார்கள். நோய் கண்ட செடிகளைப் பிடுங்கி எரித்தார்கள். காய் பிடித்தது. அதைச் சொல்ல வந்தபோது, பயமாக இருக்கவில்லையா என்று கேட்டேன்.

"பயந்தனான்தான். ஆனா தோட்டக்காரருக்கு வாறன் எண்டு சொல்லிப்போட்டெல்லோ வந்தனான்."

கோப்பைத் திறந்து காட்டுவதோடு எங்கள் வேலை முடிந்துவிடுகிறது, அதை வாசிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் அதற்குப் பிறகு சோதனைச் சாவடி.