செப்டம்பர்க்காரி ரவ்னா

வடதுருவ ஒளியைப் பார்க்க எது நல்ல மாதம் என்பது இந்தப் பிரபஞ்சத்திலேயே மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒருவர் கடவுள், இன்னொருவர் சூரியன். அவர்கள் இருவருக்கும் சந்தேகம் வந்தால் எங்கள் ரவ்னா சித்தியிடம்தான் கேட்பார்கள்.

சித்தி பல வருடம் நார்வே கடற்கரையில் மீன் தொழிற்சாலையில் தலை வெட்டிக்கொண்டிருந்தவள். மீன் தலைதான். மனிதத் தலை வெட்டும் ஆசை என்னைப் பார்க்கும்போது மட்டும் வரும். இப்போது பின்லாந்தின் வடகோடியில், எங்கள் ஊர் இனாரி ஏரிக்கரையில் மூன்று மரக்குடில்களை வாடகைக்கு விடுகிறாள்.

ஊரே டிசம்பருக்கு ஆள் பிடிக்கும். சித்தி மட்டும் செப்டம்பர் என்பாள்.

"டிசம்பர்ல மேகம் மூடிக்கிடக்கும், குளிர்ல இமை ஒட்டிக்கும். கோடை முழுக்க ராத்திரியிலும் வெளிச்சமா இருந்த வானத்துக்கு செப்டம்பர்ல இருட்டும் திரும்பி வந்துடும், ஏரியும் உறைஞ்சிருக்காது. வானத்துல ஒண்ணு, தண்ணியில ஒண்ணு. ஒரே வாடகையில ரெண்டு!"

"பனியே இல்லாம எவன் வருவான்? கொசுவைப் பார்க்கவா?" என்பார் கடைக்கார ஆந்தே மாமா.

"கொசு எப்பவோ போயிடுச்சு. நீதான் இன்னும் போகல."

இந்த செப்டம்பரில் வந்தது ஒரே ஒரு ஜெர்மன் தம்பதி. ஒளியைப் பார்த்துவிட்டால் அடுத்த வருடம் தங்கள் பாட்டுக் குழு மொத்தத்தையும் கூட்டி வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இல்லையென்றால் சித்தி மறுபடி மீன் வெட்டப் போவாள். இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லிவிட்டு, பளிச்சென்று இருந்த அடுப்பை இன்னொரு தடவை துடைத்தாள்.

வந்த நாளிலிருந்து மேகம். கடைசி நாள் சாயங்காலமும் மேகம்.

"பரவாயில்லைங்க, கலைமான் கறி ரொம்ப நல்லா இருந்துச்சு," என்றார் அந்தத் தம்பதியில் மனைவியான எல்ஃப்ரீடே அம்மா. கறிக்காக யாரும் ஒரு பாட்டுக் குழுவை இவ்வளவு தூரம் விமானமேற்ற மாட்டார்கள்.

ஒளி இருக்கும் பக்கம் பார்த்து விசிலடித்தால், அது கீழே இறங்கி வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்பார்கள் இந்த வடக்கின் பழங்குடிகளான எங்கள் 'சாமி' இன ஜனங்கள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பள்ளிக்கூடத்தில் நான் படித்தது பாதி. மீதி நேரம் சின்னப் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் விசிலடித்து அவர்களை அலற வைத்தேன். ஆனாலும், இறங்கி வருமென்றால் இன்றைக்கு வரட்டுமே. யாருக்கும் தெரியாமல் கரைக்குப் போய், வடக்கே பார்த்து மூச்சு முட்ட விசிலடித்தேன்.

காற்று திரும்பியது. மேகம் கிழிந்தது. பச்சை வெளிச்சம் வானத்தில் நெளிந்து வழிந்தது, தண்ணீரிலும் நெளிந்தது. குடில் வாசலில் எல்ஃப்ரீடே அம்மா கத்தினார்: "மூணு குடிலும் எங்களுக்குத்தான் ரவ்னா! வேற யாருக்கும் குடுத்துடாதீங்க!"

நான் அதற்குள் கவிழ்த்துப் போட்ட படகுக்கு அடியில் இருந்தேன்.

டொக் டொக் என்று பலகை தட்டும் சத்தம்.

"விசிலடிச்ச மகாராணி, வெளிய வா."

"நான் எங்க அடிச்சேன்? காத்து, சித்தி."

"ஆமாமா. காத்துதான் என் ரப்பர் பூட்ஸையும் போட்டுக்கிட்டு வந்திருக்கு," என்றபடி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் காலைப் பிடித்து இழுத்தாள்.