வாத்துகள் வரும்வரை

கனடாவின் வின்னிபெக் நகரில் பூர்வகுடிகளின் நட்பு மையத்து வேனை ஓட்டுகிறவள் நான். எங்கள் மையமும் ஆற்றங்கரை ஆஸ்பத்திரியும் கைகோத்த பிறகுதான், சிறுநீரகம் கெட்டுப்போன எங்கள் க்ரீ சனங்களை டயாலிசிஸுக்கு அழைத்துப்போக இந்த வேன் வந்தது. எங்கள் வழக்கப்படி வேண்டிக்கொண்டு மூலிகைப் புகை போட அங்கே ஓர் அறையும் கிடைத்தது. அதற்கு முன்பு யாராவது புகை போட்டால் தீ மணி அடிக்கும். நோயாளியே எழுந்து ஓடுவார்.

அந்த அறைக்காகப் பெரிய டாக்டர்களிடம் மல்லுக்கு நின்றவள் எங்கள் மையத்து வெர்னா ஃப்ளெட். வாயைத் திறந்தால் மூடமாட்டாள். அவளுக்கே சொந்தத் தம்பியிடம் வாயடைத்துப்போனது.

அந்தத் தம்பி ஆல்வின், வடக்கே விமானம் மட்டுமே போகிற ஊர்க்காரன். அங்கே டயாலிசிஸ் எந்திரம் கிடையாது. படகும் வலையுமாகத் திரிந்தவன் அக்காவின் நாலாம் மாடி வீட்டு சோபாவில் கிடந்தான். பிப்ரவரியில் ஒருநாள் வேனில் சொன்னான்: "வெள்ளிக்கிழம ஃப்ளைட்ல ஊருக்குப் போறேன்கா."

எதற்குப் போகிறான் என்று வேனில் எல்லோருக்கும் தெரியும். எந்திரத்தை விட்டால் சில நாள்தான். வெர்னா ரோட்டைப் பார்த்தபடி, "சரிடா, போறதுக்குள்ள மூஸ் மான் கறி சூப் வெச்சுத் தரேன்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் அவனை இறக்கிவிட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சாகப்போறேங்கிறான், நீ சூப்பு வெக்கிறியா? போகாதடான்னு சொல்லித் தொலையேன்."

"வளந்த ஆம்பளைய இதைச் செய், அதைச் செய்யாதேங்கிறது நம்ம வழக்கமா? நம்மள அப்படி அதட்டினது வெள்ளைக்காரங்க விடுதிப் பள்ளிக்கூடம்தான்னு உனக்கே தெரியும்."

"அப்ப வழக்கத்தைக் கட்டிக்கிட்டு அழு."

"அழுதுக்கிட்டுத்தான் இருக்கேன்."

வெள்ளிக்கிழமை விமான நிலையத்தில் அவள் கோட்டுக்குள்ளிருந்து சிவப்புத் துணி முடிச்சு ஒன்றை எடுத்தாள். புகையிலை. எங்களுக்குள் பெரிய உதவி கேட்க வேண்டுமானால் புகையிலை நீட்டுவோம். வாங்கிக்கொண்டவர் செய்தே ஆகவேண்டும். மருந்து தெரிந்த பெரியவர்களுக்கு நீட்டுவது அது. மூக்குத் துடைத்து வளர்த்த தம்பிக்கு யாரும் நீட்டி நான் பார்த்ததில்லை.

ஆல்வின் இரண்டு கைகளையும் பைக்குள் திணித்துக்கொண்டான்.

"அதைக் காட்டி இருன்னு மட்டும் கேக்காதக்கா. அந்த ஊசி, அந்த நாற்காலி... என்னால முடியல."

விமானத்துக்கு அழைத்துவிட்டார்கள். நீட்டிய கையை அவள் மடக்கவில்லை.

"சரி, இருன்னு கேக்கல. பனி முடிஞ்சு காட்டு வாத்து வடக்கே திரும்பி வர்ற வரைக்கும். அதைக் கேக்கலாமில்ல?"

"ஆஸ்பத்திரிக்காரங்களோட பேரம் பேசிப் பேசிக் கெட்டுப்போயிட்ட நீ" என்றான். பிறகு மெதுவாகக் கையை வெளியே எடுத்தான்.

அதன்பின் ஒருமுறைகூடத் தவறவில்லை. புகை அறையில் உட்காருவான், எந்திரத்துக்குப் போவான், வெளுத்துத் திரும்புவான். மார்ச் முடிந்தும் பனி கொட்டியபோது ஊரே திட்டித் தீர்த்தது. எங்கள் வேனில் மட்டும் இன்னும் கொட்டட்டும் என்று வேண்டிக்கொண்டோம். வெர்னா தினமும் வானத்தைப் பார்த்துப் பயந்தாள். வாத்து என்ற பேச்சையே நாங்கள் எடுக்கவில்லை.

ஏப்ரலில் ஒரு காலை நல்ல வெயில், கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தேன். பாலத்தின்மேல் போகும்போது மேலே அந்தக் கத்தல் கேட்டது. கூட்டமாக, வடக்குப் பக்கம். பக்கத்திலிருந்த வெர்னா என்னைத் தாண்டி எக்கிக் கண்ணாடியை ஏற்றினாள், ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். நானும் வேண்டுமென்றே ஹாரனை அழுத்தினேன்.

"ரேடியோவக் குறைக்கா" என்றான் ஆல்வின் பின்னாலிருந்து. "வாத்து கத்துறத நான் போன வாரமே கேட்டுட்டேன். உனக்குத் தெரியவேணாம்னுதான் சொல்லாம இருந்தேன்."

வெர்னா ரேடியோவை அணைத்தாள். ஆஸ்பத்திரி வாசலில் ஆல்வின் இறங்கி, எப்போதும்போலப் புகை அறைக்கு நடந்தான்.