சீர்தான் முன்னால் போகணும்

என் மனைவியின் அண்ணனுக்கு உலகத்தில் தெரியாத விஷயமே கிடையாது. அதிலும் காருக்குப் பின்னால் கொக்கி வைத்து ஒரு சின்ன டிரெய்லரை மாட்டிக்கொண்ட பிறகு அவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. மண்ணச்சநல்லூரில் தன் வீட்டுத் தெருவிலேயே அதை ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் ஆள் விட்டுத் தள்ளவைப்பார். பெருமைக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

கடைசித் தங்கைக்கு ஸ்ரீரங்கத்தில் கல்யாணம். விருந்துக்கான அரிசி மூட்டைகளை அன்று காலை மில்லிலிருந்து அவரே டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அத்தனை மூட்டையும் கடைசியில், கதவை ஒட்டி. முன்பக்கம் காலி. பூ, பழம், வெற்றிலைத் தட்டுகளுக்கு அந்த இடமாம். காரின் பின்பக்கம் கண்ணுக்குத் தெரியும்படி தூக்கிக்கொண்டு நின்றது.

“மச்சான், கனமெல்லாம் வால்ல இருக்கு. வண்டி ஆடும். மூட்டைய சக்கரத்துக்கு மேல, கொஞ்சம் முன்னால தள்ளி வைங்க,” என்றேன்.

“சீர்தான் மாப்ள முன்னால போகணும். அரிசி மூட்டைக்குப் பின்னால சீர் போய் எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? உங்க பாடத்தையெல்லாம் ஸ்கூலோட வச்சுக்குங்க.”

ஊர்வலத்துக்கும் டிரெய்லருக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷனிடம் என்ன பேசுவது! “நல்ல நாளும் அதுவுமா அண்ணன்கிட்ட மல்லுக்கு நிக்காதீங்க,” என்றாள் மனைவி. அண்ணனை ஒரு வார்த்தை சொன்னால் அவளுக்குப் பொறுக்காது. மகளை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். நான் முன்னால் உட்கார்ந்தேன்.

கொள்ளிடம் பாலத்தில் ஒரு பஸ் எங்களை முந்தியது. அவ்வளவுதான். டிரெய்லர் இடமும் வலமுமாக அடிக்க, காரின் பின்பக்கமும் அதோடு சேர்ந்து அலைந்தது. மகள் வீறிட்டாள். நம் மகா டிரைவர் பிரேக்கைப் போய் ஓங்கி மிதித்தார். ஆட்டம் இன்னும் மோசமானது. “காலை எடுங்க! ஸ்டியரிங்க நேரா புடிங்க!” என்று கத்தினேன். கைப்பிடிச் சுவரை உரசிக்கொண்டு கார் நின்றது. இறங்கி எட்டிப் பார்த்தேன், நேர் கீழே ஆறு.

இரண்டு பேருமாக மூட்டைகளை முன்னால் இழுத்து அடுக்கினோம். தட்டுகள் பின்னால் போயின. மிச்ச தூரம் டிரெய்லர் சாதுவாக வந்தது. மண்டபத்து வாசலில் இறங்கியதுமே, பாலத்தில் எல்லோரையும் தான் காப்பாற்றிய கதையை ஆரம்பித்துவிட்டார்.

அவர் மனைவி வெகுளி. எங்களைப் பார்த்ததும் ஓடிவந்தார். “மில்லுலேருந்து வரப்பவே பின்னாடி ஆடுதுன்னு சொன்னாருங்க. அதான் எங்க பையன மட்டும் பஸ்ஸுல கூட்டிட்டுப் போயிடுன்னுட்டாரு.”

அதுவரை அவரை வெறும் முட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

என் மனைவியும் பக்கத்தில்தான் நின்றாள். பந்தியில் அண்ணன் தன் பக்கத்து இலையைக் காட்டி, “வாம்மா, உக்காரு,” என்றார். அவள் மகளைத் தூக்கிக்கொண்டு எதிர்வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள்.